எது தீட்டு?

நமது நாட்டில் பழைய கோவில் என்றால் அதில் சாமி இருக்கிறதோ இல்லையோ, வௌவால் நிச்சயமாய் இருக்கும். வெம்பக்கோட்டைத் தோழர்கள் தங்கள் பக்கத்துப் பழைய மண்டபம் எதிலாவது நுழைந்து பார்க்கட்டும். நாற்றமே வழி காட்டிவிடும். குளிக்காமல், யாரையும் கேளாமல் அது கர்ப்பக்கிரகம் வரை போகின்றது. சாமியின் தலைக்கு நேரே தொங்கிக்கொண்டு எச்சமிடுகின்றது, மூத்திரம் பெய்கின்றது. எந்த ஆகமப் பண்டிதராவது வௌவால் மீது வழக்குப் போட்டதுண்டா?

மனிதன் மீது போட்டார்கள். 1897-இல் கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக ராமநாதபுரம் ஜமீன் தொடுத்த வழக்கு, சீமைப் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நுழைந்தது தப்பு என்றே முடிந்தது. இடையில், 1899-இல், கோவில் நுழைவுத் தகராற்றில் சிவகாசியில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. வௌவாலுக்கில்லாத தீட்டு மனிதனுக்கு மாத்திரம் எங்கிருந்து வந்தது?

தோழர்களே! உண்மையான தீட்டு ஒன்று உண்டு. அது மந்திரத்துக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்புக்குத்தான் தெரியும். அதன் பெயர் கிருமி.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிருமியான லெப்டோஸ்பைராவை 1915-இல் ஜப்பானிய டாக்டர்கள் இனாடாவும் இடோவும் கண்டுபிடித்தார்கள். அது பிராணிகளின் மூத்திரத்தில் வெளிவந்து, ஈரத்தில் பிழைத்திருந்து, நம் காலிலுள்ள சிறு புண் வழியாய் உள்ளே போகும். காய்ச்சல், தசைவலி, முற்றினால் காமாலை, சிறுநீரகக் கேடு. இதைப் பரப்புவதில் எலிக்கே முதலிடம் என்பது வாஸ்தவமே. ஆனால் வௌவாலின் சிறுநீரகத்திலும் இக்கிருமி குடியிருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள்.

மற்றொன்று பார்ட்டோனெல்லா. அமெரிக்காவில் நோயாளி ஒருவரின் இருதய வால்வில் கண்ட இதன் ஒரு வகையைப்பற்றி 2010-இல் எழுதினார்கள். 2014-இல் பார்த்தால், அதே வகை பின்லாந்து வௌவால்களின் இரத்தத்தில் இருந்தது! நைஜீரியாவில் இடான்ரே என்னும் ஊரில் ஒரு பண்டிகை. ஆண்கள் குகைக்குள் போய் வௌவால் பிடிப்பார்கள். அந்த வட்டாரத்தார் சிலரின் இரத்தத்தில் வௌவாலின் பார்ட்டோனெல்லா தொட்ட அடையாளம் இருப்பதாக 2018-இல் வெளியிட்டார்கள். பண்டிகை அருள் கொடுத்ததோ இல்லையோ, கிருமியைக் கொடுத்திருக்கக்கூடும்.

நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? வௌவால் கறி தின்றால் இளைப்பு தீரும் என்கிறார்கள். இளைப்பு தீராது; அறுக்கிற கைக்கு இரத்தமும் மூத்திரமும்தான் மிச்சம்.

இதைப் படித்துவிட்டு வௌவால் மரத்துக்கு வெடியோடு யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதுவும் மூடத்தனமே. வௌவால் பேயுமல்ல, முனியின் பிள்ளையுமல்ல, ஒரு பிராணி. பூச்சி தின்னும் வௌவால் இரவெல்லாம் பயிர்ப்பூச்சியைத் தின்கின்றது. பழந்தின்னி வௌவால் இலுப்பை விதையைப் பரப்புகின்றது. 1972-ஆம் வருஷத்துச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடு சேர்த்துக் கேடு செய்யும் பிராணி என்று வைத்திருந்தது. 2022-இல் செய்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. அது தொங்குகிற இடத்தில் தொங்கட்டும். வெறுங்கையால் தொடாதீர்கள், தின்னாதீர்கள், அது கடித்த பழத்தைப் பொறுக்காதீர்கள். எச்சத்தைக் காயவிட்டுக் கூட்டாமல், தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் திருநீறு பூசிக் காத்திராமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலிக்காய்ச்சலுக்குப் பெனிசிலினும் டாக்சிசைக்ளினும் கேட்கும்.

கடைசியாகத் தர்மகர்த்தாக்களுக்கு ஒரு வார்த்தை. புண்ணியாகவாசனத் தண்ணீரில் எந்தக் கிருமியும் சாகாது. சாமியின் வீட்டு எச்சத்தை அள்ளுகிறவன், அந்தச் சாமியின் கிட்டப் போகக்கூடாது என்று நீங்கள் நிறுத்தி வைத்தவன்தான். முதலில் அவன் கைக்கு உறையும், காலுக்குச் செருப்பும், மூக்குக்குத் துணியும் கொடுங்கள். பிறகு தீட்டைப்பற்றிப் பேசலாம்.