கப்பலைப் பார்த்ததும் கைதட்டலாமா?



வெளிநாட்டுக் கடற்படைக் கப்பல் வந்தால் பேண்டு வாத்தியம், மாலை, செல்ஃபி. உடனே "நாட்டுக்கே பெருமை" என்று ஒரு பதிவு. எனக்கு இதில் உடன்பாடில்லை.

2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ பழுதுபார்க்கக் காட்டுப்பள்ளிக்கு வந்தது. பாதுகாப்புத் துறைச் செயலாளரே போய் வரவேற்றார். பெருமைப்பட்டோம். ஒன்பதாம் நாள் சீனாவின் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தது, அங்கும் வரவேற்பு. "வேவுக் கப்பல்" என்று கொதித்தோம். கொதித்தது சரி. காட்டுப்பள்ளிக்கு வந்ததைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டோமா?

வேலை வரும், வருமானம் வரும் என்பீர்கள். அம்பாந்தோட்டையிலும் அப்படித்தான் சொன்னார்கள். 2017இல் துறைமுகமே 99 வருடக் குத்தகைக்குப் போனது.

நம் பெருமுக்கல் மலைக்கோட்டைக்கு இது பழைய கதை. 1782இல் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பற்படை, ஹைதர் அலிக்குத் துணை என்று பரங்கிப்பேட்டையில் படையை இறக்கியது. ஏப்ரலில் கடலூரும் மே மாதம் பெருமுக்கலும் விழுந்தன. ஜூலையில் ஹைதரே நேரில் வந்து சுஃப்ரேனுக்கு மரியாதை செய்தார். மறு வருடம் ஐரோப்பாவில் சமாதானம் என்று செய்தி வந்ததும் பிரெஞ்சுக்காரர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஹைதரும் இறந்துவிட்ட நிலையில், மகன் திப்பு தனியாகப் போராடினார்.

வந்தவரை அவமதிக்கச் சொல்லவில்லை. எதற்கு வந்தார், எத்தனை நாள் இருப்பார், பதிலுக்கு என்ன கேட்கிறார்? எந்த நாட்டுக் கொடியானாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு கைதட்டுங்கள்.