சாயத்தைப் பார்த்தவர் சரக்கைப் பார்க்கவில்லை

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சென்ற இதழில் ஒரு நண்பர் புத்திமதி சொல்லியிருந்தார். கூலன்ட் எல்லாம் ஒன்றுதான், வித்தியாசம் சாயத்தில் மட்டுமே. பச்சையோடு சிவப்பைத் தாராளமாகக் கலக்கலாம். குறைந்தால் குழாய்த் தண்ணீர் போதும். அம்பாசடர் டாக்சிகள் காலமெல்லாம் தண்ணீரில்தானே ஓடின? நாலு வரிக்குள் இத்தனை பிழையை அடைக்கத் தனித் திறமை வேண்டும்.

நிறம் வெறும் சாயம் என்பது உண்மை. அதிலிருந்து அவர் போய்ச் சேரும் முடிவுதான் தலைகீழ். நிறம் எதையும் சொல்லாது என்றால், நிறத்தை நம்பி எதையும் எதோடும் கலக்காதே என்றல்லவா ஆகிறது? டப்பாவில் பெரும்பங்கு எத்திலீன் கிளைக்கால்; அது அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றுதான். வேறுபடுவது, சில சதவீதமே இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து. பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட், போரேட் போன்ற உப்புகள். உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து காக்கும், சீக்கிரம் தீரும், 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். 'லாங் லைஃப்' என்று விற்கும் ஓஏடி வகையில் கரிம அமிலங்கள்; 5 வருடம் தாங்கும். இரண்டையும் கலந்தால் இரண்டின் மருந்தும் நீர்த்துப்போகும், காசு கொடுத்து வாங்கிய 5 வருடமும் போகும். ஃபோக்ஸ்வாகனின் ஜி11, ஜி12 இரண்டையும் கலந்தவர்கள் ரேடியேட்டரில் பழுப்புச் சேற்றைப் பார்த்தார்கள். அப்புறம்தான் கலந்தாலும் ஒத்துப்போகிற ஜி12 பிளஸ் வந்தது. சாயம் மட்டும்தான் வித்தியாசம் என்றால் எதற்கு அந்தப் பாடு?

கலந்தாலே கூழாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் மிகை. பல கலவைகள் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். நண்பர் ஏமாந்தது அங்கேதான் போலிருக்கிறது. கலங்கவில்லை, ஆகவே கெடவில்லை!

தலைப்பில் 'பழைய கார்' என்று போட்டவர், அந்தக் காரின் ரேடியேட்டர் எதனால் ஆனது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் செம்பு, பித்தளை ரேடியேட்டர். மூட்டுகளில் ஈயப் பற்று. இந்தப் பற்றைக் காப்பதில் ஓஏடி பலவீனமானது. விலை அதிகம், புதுசு, ஆகவே நல்லது என்று ஊற்றினால் ஈயம் அரித்து, குழாய் முனைகளில் வெளிறிய பொருக்கு கட்டும். குழாய்த் தண்ணீர் என்ன செய்யும் என்று அறிய நண்பர் எந்த ரேடியேட்டர் பட்டறையிலாவது போய் நிற்கட்டும். மேல் டேங்கைச் சூடு காட்டிக் கழற்றி, தட்டையான குழாய்களுக்குள் தகட்டை விட்டுக் குத்தும்போது கொட்டுவதைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும்: துருத்தூள், சுண்ணாம்புப் பொருக்கு. உடைந்து கழன்ற பொருக்கு அங்கேயே கிடப்பதுமில்லை; வாட்டர் பம்ப்பின் சீலையும் தேய்த்துவிட்டுப் போகும்.

டாக்சி வாதத்துக்கு வருவோம். ஓடின, சரி. அம்பாசடரின் பழைய 1489 சிசி பிஎம்சி எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, துருப்பிடித்தாலும் பொறுத்துக்கொண்டது. மேட்டில் பானெட்டைத் தூக்கி, ஈரச் சாக்கால் மூடியைப் பிடித்துத் திருகி, செந்தண்ணீர் பீய்ச்சியடிக்க டிரைவர் துள்ளி விலகிய காட்சியை நண்பர் வசதியாக மறந்துவிட்டார். பத்மினிக்கும் மாருதி 800க்கும் ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் சுற்றிவரும் ஒரே பாதையில் செம்பும் அலுமினியமும் இருந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.

குழாய்த் தண்ணீர் யோசனை இன்னும் மோசம். பாஸ்பேட் உள்ள கூலன்ட்டில் கால்சியம் மிகுந்த நீரை ஊற்றினால் மருந்தே படிவாக இறங்கிவிடும். ஐரோப்பியக் கம்பெனிகள் பாஸ்பேட்டை ஒதுக்கியதே கடின நீருக்குப் பயந்துதான். நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்கிறார். உறையாது. ஆனால் கொதிக்குமே? சரிபாதி கலவை 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அழுத்த மூடி இன்னும் சுமார் 20 டிகிரி தள்ளிப்போடும். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கிளைக்காலைவிட மேல் என்பதை அவர் சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். உருப்படியான அந்த ஒரு வாதம் அவர் கண்ணில் படவில்லை. அந்த வாதத்தால்தான் சென்னை வெயிலுக்குப் பாதிக்குப் பாதி தேவையில்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்கிறேன்.

செம்பு ரேடியேட்டர் வண்டிக்குப் பழைய உப்பு வகையே சரி; டப்பாவின் பின்புறம் படித்து வாங்க வேண்டும். பழையதை எஞ்சின் பிளாக்கிலிருந்தும் வடித்து, தெளிவாக வரும்வரை அலசி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து நிரப்புங்கள். உள்ளே இருப்பது எதுவென்று தெரியாத வண்டியில் வழியில் குறைந்தால் இன்னொரு கூலன்ட்டைத் தேடாதீர்கள். அதே டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி வீடு வந்து சேருங்கள். வடித்ததைத் தெருவோரம் கொட்ட வேண்டாம். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். இதைப் பற்றியும் நண்பரின் கட்டுரையில் ஒரு வரி இல்லை.