டைனமோவா, ஆல்டர்னேட்டரா? ஒரு மோரிஸ் மைனரின் வரவு செலவுக் கணக்கு



பழைய மகிழுந்துகளைப் போற்றி வைத்திருப்போர் இருவர் சந்தித்தால், பேச்சு எங்குத் தொடங்கினாலும் ஒரு வழக்கில் வந்து நிற்கும். வண்டியோடு பிறந்த டைனமோவையே வைத்திருப்பதா, அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரைப் பொருத்துவதா என்பதே அவ்வழக்கு. ஒரு சாரார் டைனமோவைக் கழற்றுவதைக் கோயில் சிலையைப் பெயர்ப்பதற்கு ஒப்பாகப் பேசுவர். மறுசாரார், டைனமோ வைத்திருப்பவரை இன்னும் மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பவரைப் போலப் பார்ப்பர். வண்டி எந்நேரத்தில், எந்தச் சாலையில், யாரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது என்று இரு சாராரும் கேட்பதில்லை. அதுவே முதற்கேள்வியாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காரணம் இரண்டு. ஐந்தாம் ஆண்டு அறிவியலில் மின்சாரம் தரும் மூலங்களைக் கற்பிக்கும்போது டைனமோவைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் ஒரு மகிழுந்து டைனமோவைக் கண்ணால் கண்ட மாணவர் என் வகுப்பில் ஒருவரும் இலர். மற்றொரு காரணம், ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1962ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். அப்பா விட்டுச்சென்றது. இப்பொழுது தம்பி ஓட்டுகிறான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த வண்டி இது. மலாயாவில் ஒரு காலத்தில் ஆசிரியர்களும் அரசாங்க எழுத்தர்களும் விரும்பி வாங்கிய வண்டிகளுள் ஒன்று. எங்கள் வண்டியில் இருப்பது லூக்காஸ் சி 40 என்னும் டைனமோ. அதன் உச்ச வரவு 22 ஆம்பியர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் இரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று பார்ப்போம். 1831இல் பாரடே, காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று காட்டினார். மறு ஆண்டே பாரிசில் பிக்சி என்பவர் கையால் சுழற்றும் ஒரு பொறியைச் செய்தார். அதில் பிறந்தது திசை மாறிமாறி ஓடும் மின்சாரம். அன்றைக்கு அது யாருக்கும் பயன்படவில்லை. ஆகவே, அதை ஒரே திசையில் ஓடவைக்கச் சுழலும் அச்சில் ஒரு மாற்றியைச் சேர்த்தனர். இன்றும் டைனமோவின் உயிர்நிலை அதுதான். செப்புத் துண்டுகளை வட்டமாக அடுக்கி, இடையிடையே மின்காப்பு வைத்துச் செய்த அந்த வளையத்தைக் கம்யூட்டேட்டர் என்பர். அதன்மேல் இரண்டு கரித்தூரிகைகள் உரசி, மின்சாரம் முழுவதையும் வெளியே எடுக்கின்றன.

மின்சாரம் முழுவதும் அவ்வழியே வரவேண்டும் என்பதுதான் டைனமோவின் குறை. வேகம் மிகுந்தால் தீப்பொறி பறக்கும், கம்பிச்சுருள் பிய்த்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். அதனால் அதை மிக வேகமாகச் சுழற்றக்கூடாது. உயர்வேகத்தில் தாங்கும்படி பெல்ட் சக்கரத்தை அமைத்தால், வண்டி நின்று இயந்திரம் மட்டும் ஓடும்போது டைனமோ மெல்லச் சுழன்று ஏறத்தாழ ஒன்றுமே தருவதில்லை.

ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். காந்தம் உள்ளே சுழல்கிறது. மின்சாரம் பிறக்கும் கம்பிச்சுருள் வெளியே அசையாமல் நிற்கிறது. தூரிகை வழியாகச் செல்வது காந்தத்திற்கு வேண்டிய சில ஆம்பியர் மட்டுமே. திசை மாறும் மின்சாரத்தை டையோடுகள் ஒருதிசைப்படுத்துகின்றன. ஆகவே, அதை வேகமாகச் சுழற்றலாம். வண்டி நிற்கும்போதும் வரவு உண்டு. மலிவான சிலிக்கான் டையோடு கிடைத்த பிறகே இது சாதாரண மகிழுந்துகளுக்கு வந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டு வேலியண்ட் வண்டியில் இதைப் பொருத்தியது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஓர் உறவும் உண்டு. 1972இல் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபின், ஜெலுத்தோங்கிலிருந்து எத்தனை அக்காமார்கள் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப்போய் நுண்ணோக்கியின்கீழ் குறைகடத்திகளுக்குக் கம்பி இணைத்தார்கள்! டையோடு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இடையே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். மிதிவண்டிச் சக்கரத்தில் உரசி விளக்கெரிக்கும் சிறு கருவியை டைனமோ என்றே கற்பிக்கிறோம். அதன் உள்ளே சுழல்வது காந்தம்; வெளிவருவது திசை மாறும் மின்சாரம். செயலளவில் அது ஆல்டர்னேட்டரே. ‘மின்னாக்கி’ என்னும் நம் சொல் இரண்டையும் அடக்கிக்கொள்வதால் தமிழில் இந்தக் குழப்பம் குறைவு.

சரி, கணக்கிற்கு வருவோம். மோரிஸ் மைனரின் முகப்பு விளக்குகள் இரண்டும் ஏறத்தாழ 90 வாட். பக்க விளக்கு, பின்விளக்கு, எண்பலகை விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரு 30 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். தீப்பொறிச் சுருளுக்கு 3, மழைத் துடைப்பானுக்கு 3. ஆக 16. பிரேக்கை மிதித்திருக்கும் நேரமெல்லாம் இன்னொரு மூன்றரை. 22 ஆம்பியர் வரவுள்ள வீட்டில் 16 செலவு. மிச்சம் பிடிக்கும் குடும்பம்தானே என்று தோன்றும். பெரியப்பாவின் வாதமும் இதுவே: “உங்கப்பா இந்த டைனமோவோடதான் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய் வந்தாரு!” உண்மைதான். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு டைனமோ போதும்.

ஆனால், தம்பி ஈப்போவுக்குப் போவதில்லை. வாரத்தில் நான்கு மாலை, தன் மகளை டியூஷன் வகுப்புக்கு அழைத்துச் செல்கிறான். (ஒரு மைவி போதாதா என்று கேட்பீர்கள். மைவியை அவன் மனைவி வேலைக்கு எடுத்துச் செல்கிறார்.) மாலை ஏழு மணி, மழை, கிரீன் லேன் நெரிசல். விளக்கும் துடைப்பானும் ஓட, கால் பிரேக்கில் இருக்க, வண்டி நின்று நின்று நகர்கிறது. டைனமோவின் வரவு ஏறத்தாழச் சுழி. செலவு 18 ஆம்பியர். அரை மணி நேரத்தில் பேட்டரியிலிருந்து 9 ஆம்பியர்-மணி போய்விடும். 40 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது பெரிய கடன் அன்று. அதைத் திருப்பி அடைப்பதில்தான் சிக்கல். விளக்கெரிய நன்றாக ஓடினாலும் மிச்சம் 6 ஆம்பியர்தான். 9ஐ 6ஆல் வகுத்தால் ஒன்றரை மணி நேரம். இந்தத் தீவில் எங்கே போய் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுவது? ஜெலுத்தோங்கிலிருந்து பாலேக் பூலாவ் போனாலும் கடன் தீராது. நான்கு மாலை இப்படியே போனால் ஐந்தாம் நாள் முன்விளக்கு மஞ்சளாகும், வண்டி கிளம்பாது. பின்னிருக்கையில் பதினோரு வயதுப் பிள்ளை இருக்கும்.

“அக்கா, பாசத்தால பேட்டரி ஏறாது,” என்றான் தம்பி. அப்பாவின் கை பட்ட பொருள் என்னும் எண்ணம் எனக்கும் உண்டு. ஆயினும் கணக்கு அவன் பக்கம் இருக்கிறது. ஆகவே, அந்த வண்டிக்கு ஆல்டர்னேட்டர் என்பதே என் முடிவு. பெரியப்பாவிடமும் இதையே சொன்னேன்.

இதனால் எல்லாப் பழைய வண்டிக்கும் ஆல்டர்னேட்டர் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டா. ஞாயிறு காலையில் மட்டும் வெளியே வரும் வண்டிக்கு அது தேவையற்ற செலவு. பகலில் தீப்பொறிச் சுருளின் 3 ஆம்பியரே நிலையான செலவு. மீதி பேட்டரிக்கு உதவும். அத்தகைய வண்டியில் டைனமோ சரியாக ஏற்றவில்லை என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தூரிகைகள் தேய்ந்திருக்கலாம், கம்யூட்டேட்டரில் கரி படிந்திருக்கலாம், பின்பக்கத் துளையில் பல்லாண்டாக ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் இருந்திருக்கலாம். இவையெல்லாம் சில்லறை வேலைகள். ஆனால், இன்றைய இளம் வயர்மேன்கள் பலர் டைனமோவைத் திறந்து பார்க்காமலேயே மாற்றச் சொல்கின்றனர். தெரியாத வேலையைத் தேவையற்ற வேலை என்று சொல்லும் பழக்கம் எந்தத் தொழிலிலும் எனக்குப் பிடிப்பதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கட்-அவுட்டின் இடைவெளியை அளந்து சரிசெய்யத் தெரிந்த முதியவர்கள் பினாங்கில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் போகலாம்.

இரண்டிற்கும் நடுவே ஒரு வழியும் உண்டு: வரவைக் கூட்டாமல் செலவைக் குறைப்பது. பின்விளக்கையும் பிரேக் விளக்கையும் எல்.இ.டி.க்கு மாற்றினால் சில ஆம்பியர் மிச்சமாகும். மைனர் நேர்முனையை உடலோடு இணைத்த வண்டி. அதற்கேற்ற விளக்குகளாகப் பார்த்து வாங்கவேண்டும். தம்பியின் கணக்கிற்கு இந்த மிச்சம் போதவில்லை. சிலருக்குப் போதலாம்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால், அதை அரைகுறையாகச் செய்யக்கூடாது. பொதுவாகக் கிடைக்கும் ஆல்டர்னேட்டர்கள் எதிர்முனையை உடலோடு இணைக்கும் வகை. அப்படியே மைனரில் பொருத்தினால் டையோடுகள் நொடியில் எரிந்துவிடும். பேட்டரியைத் திருப்பி, தீப்பொறிச் சுருளின் கம்பிகளை இடம் மாற்றி, வானொலி இருந்தால் அதைத் துண்டிக்கவேண்டும். மின்சாரப் பெட்ரோல் பம்ப் எந்த முனைக்கு உரியது என்றும் பார்க்கவேண்டும். இன்னொன்று, 22 ஆம்பியருக்கென்று போட்ட பழைய கம்பி வழியே 35 ஆம்பியர் ஓடவிடக்கூடாது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் கம்பியைத் தடிமனாகப் புதிதாய்ப் போடச் சொல்லுங்கள். சில பட்டறைகள் இதைத் தவிர்த்துவிடுகின்றன. அறுபது ஆண்டுப் பழங்கம்பி சூடேறினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. உடற்பகுதியில் புதுத்துளை எதுவும் போடவேண்டா. பழைய டைனமோவையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் இரும்புக்கடைக்குப் போடாமல் எடுத்து வைத்தால், பிற்காலத்தில் வேண்டுவோர் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம்.

எங்கள் டைனமோ அடுத்த வாரம் கழற்றப்படுகிறது. அது என் வகுப்பறை அலமாரிக்கு வருகிறது. பெல்ட் இல்லாத டைனமோவின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அவற்றிற்கும் உடற்பகுதிக்கும் இடையே பேட்டரியைக் கொடுத்தால் அது மோட்டாராக மெல்லச் சுழலும். பழைய வயர்மேன்கள் டைனமோவைச் சோதிக்கும் முறை இது, ஆல்டர்னேட்டரில் நடவாது. சுழற்றினால் மின்சாரம், மின்சாரம் கொடுத்தால் சுழற்சி. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்றுத்துணைப் பொருள் எனக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் இரவல் கேட்டால் தருகிறேன். சில நொடிகளுக்கு மேல் ஓட்டவேண்டா, சூடேறிவிடும்; இணைப்பைப் பெரியவர் ஒருவரே கொடுக்கட்டும்.