தாமரையிலையும் பீங்கானும்

தமிழ் பயில்வார்க்கு உவர்நீரோடு யாது உறவென்று இரசாயன வகுப்பு நண்பர் நகைப்பர், நகைக்க. சென்னை மாநகர் பருகும் நீரில் ஒரு பங்கு இன்று கடலினின்றே வருகின்றது. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் தொடங்கப்பெற்ற ஆலைகள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தருமாறு அமைக்கப்பட்டவை. ஆண்டுக் கடல்நீரைக் கடும் அழுத்தத்தால் சவ்வினூடே பிழிகின்றனர். லோப் என்பாரும் இந்தியாவிற் பிறந்த சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஆக்கிய சவ்வே இம்முறைக்கு வழி திறந்தது.

பிழிந்தபின் எஞ்சுவது யாது? உட்கொண்ட நீரிற் பாதிக்கு மேற்பட்டது, ஏறக்குறைய இருமடங்கு உப்பேறிக் கடலுக்கே மீள்கின்றது. அக்கடலை நம்பி வாழும் வலைஞர் கவலையை நாம் எளிதாக எண்ணலாகாது. உப்பு மிகமிக வேண்டும் அழுத்தமும் மிகுதலின், அக்கழிநீரை மீண்டும் பிழிதல் அரிது.

ஈண்டுத்தான் பிறிதொரு முறை நம் கருத்தை ஈர்க்கின்றது. தாமரையிலைமேல் நீர் ஒட்டாது உருளுதலைக் காணாதார் யார்? அவ்வியல்பைப் பீங்கான் சவ்விற்கு ஊட்டுகின்றனர். அலுமினா முதலியன இயல்பாகவே நீரை விரும்புவன. அவற்றின் நுண்டுளைச் சுவர்களிற் புளோரின் கலந்த சிலேன் மூலக்கூறுகளைப் பிணைத்துவிடின் நீர் உட்புகாது, ஆவி புகும். ஒருபுறம் சூடான உப்புநீரும் மறுபுறம் குளிர்ச்சியும் இருப்பின், ஆவி கடந்து சென்று நன்னீராகும்; உப்பு பின்தங்கும். உப்பு மிகினும் ஆவியழுத்தம் சிறிதே குறைதலின், கழிநீர்க்கும் இஃது ஏற்கும். பீங்கான் வெப்பத்திற்கும் காரத்திற்கும் எளிதில் அஞ்சாது. விலைதான் மிகுதி, கைதவறின் உடைதலும் உண்டு.

எனினும், இதனை அமுதசுரபி என்பாரோடு நாம் உடன்படோம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,300 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை மீட்டுப் பயன்கொள்ளாவிடின், 1,000 லிட்டருக்கு 600 யூனிட்டிற்கு மேற்செல்லும். அழுத்தமுறையோ மூன்று நான்கு யூனிட்டில் முடிக்கும். ஆதலின், வெப்பம் வீணே கழியுமிடத்தில், அதுவும் கழிநீர்க்கு மட்டுமே, இதனை நாட்டுதல் தகும். மற்றொன்றும் உளது: அப்பூச்சிலுள்ள புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியா. தாகந் தணிக்க வந்தது தானே நஞ்சாதல் நன்றோ? புளோரின் அற்ற பூச்சுக்களைச் சிலர் ஆராய்ந்து வருகின்றனர். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தாரும் அதனையே மேற்கொள்ளல் வேண்டும். அவர்கள் நெம்மேலிக் கரைக்குச் செல்லும் நாளில் நம்மையும் அழைப்பாராக. குடஞ் சுமக்கவேனும் தமிழ் மாணவர் உதவுவோம்.