தோற்றவர்கள் பெற்றுத் தந்த உரிமை

மைய அரசின் அதிகாரக் குவிப்பை எதிர்ப்பவன் நாட்டின் ஒற்றுமைக்கே பகைவன் என்னும் ஏச்சு புதிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடு உருவான காலத்திலேயே அது உரக்க ஒலித்தது. அந்த ஏச்சுக்கு ஆளானவர்களால் விளைந்தது என்ன என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டுமென்று விரும்புகிறோம்.

1787இல் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டுக்கு இடப்பட்ட பணி, மாநிலங்களிடையே இருந்த பழைய கூட்டமைப்பு உடன்படிக்கையைத் திருத்துவது மட்டுமே. கதவைச் சாத்திக்கொண்டு பேசியவர்களோ புத்தம்புதிய அரசியல் சட்டத்தையே எழுதி முடித்தார்கள். மக்களிடம் நேரே வரி வாங்கவும், அமைதிக் காலத்திலும் படை வைத்துக்கொள்ளவும் மையத்துக்கு அதிகாரம் வந்தது. அப்படியானால் குடிமக்களுக்கு உரிமைப் பட்டியல் ஒன்றாவது வேண்டும் என்றார் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன். ஒரு மாநிலம்கூட அதற்கு வாக்களிக்கவில்லை. இதில் கையெழுத்திடுவதைவிட வலக்கையை வெட்டிக்கொள்வேன் என்று முன்னரே சொல்லியிருந்த மனிதர் அவர், கடைசிவரை கையெழுத்திடவேயில்லை.

பிறகு மாநிலந்தோறும் ஒப்புதல் மாநாடுகள் கூடின. மாநிலங்களாகிய நாம் என்று எழுதாமல் மக்களாகிய நாம் என்று எழுத உங்களுக்கு உரிமை தந்தது யார் என வர்ஜீனியாவில் முழங்கினார் பேட்ரிக் ஹென்றி. அங்கே முடிவு 89க்கு 79. மாசசூசெட்சில் 187க்கு 168. நியூயார்க்கில் 30க்கு 27; இரண்டே பேர் மாறி வாக்களித்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும்!

ஒன்றை மறைப்பதற்கில்லை. மேசனும் ஹென்றியும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். மைய அரசு அடிமைகளை விடுவித்துவிடுமோ என்பதும் ஹென்றி கிளப்பிய அச்சங்களுள் ஒன்று. மாநில உரிமை பேசுகிறவர் எவராயினும், அது யாருக்கான உரிமை என்று கேட்டுத்தான் தீர வேண்டும்.

ஆயினும் வாக்கில் தோற்றவர்களின் பிடிவாதம் வீண்போகவில்லை. உரிமைப் பட்டியல் தேவையில்லை என்றிருந்த மேடிசனே 1789இல் திருத்தங்களைக் கொண்டுவர நேர்ந்தது. 1791 டிசம்பரில் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. பேச்சுரிமையும் பத்திரிகை உரிமையும் அவற்றுள் முதலாவது. மையத்துக்கு வழங்கப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது பத்தாவது.

நம் அரசியல் சட்டத்தின் 248ஆவது பிரிவோ எஞ்சிய அதிகாரத்தை நாடாளுமன்றத்திடமே ஒப்படைத்திருக்கிறது. அமெரிக்காவைப் பார், அமெரிக்காவைப் பார் என்போர் இந்தப் பத்தாவது திருத்தத்தை மட்டும் பாராமல் போவது ஏனோ?