விதைக்கு முன்பணம் சரி, பட்டறைக்கு?

சின்ன வெங்காய விலை ஏறினால் மளிகைக் கடைக்காரரைப் பதுக்கல்காரர் என்கிறார்கள். இறங்கினாலோ, நேற்று அதிக விலைக்கு வாங்கிப் போட்ட மூட்டை கடையிலேயே முளைவிடுகிறது. இதற்கெல்லாம் மழையை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. நம் வியாபாரப் பணம் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்து விவசாயியை எடுத்துக்கொள்வோம். விதைக்காய் நட்டுப் பயிர் செய்பவருக்கு ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வரை காய் வேண்டும். நடவு நேரத்தில் விலை உச்சியில் இருந்தால் அவரால் தாங்க முடியாது. மண்டியில் முன்பணம் வாங்குகிறார். அறுவடையானதும் சரக்கை அதே மண்டியில்தான் போட வேண்டும். கமிஷன் போக, முன்பணத்தையும் கழித்து மீதியைத் தருகிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து இறக்கினால் விலை என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டுமா? (முன்பணம் கொடுப்பவரைக் கந்துவட்டிக்காரர் என்பதற்கில்லை. பயிர் பொய்த்தால் அந்தப் பாக்கி வருஷக்கணக்கில் பேரேட்டிலேயே நிற்கும்.)

ஆனால் அந்தப் பணம் முழுவதும் விதைக்கும் உரத்துக்குமே போய்விடுகிறது, பட்டறைக்குப் போவதில்லை. தரையிலிருந்து உயர்த்திய அடித்தளம், காற்று புகும் பக்கங்கள், மேலே கூரை, இவ்வளவுதான் பட்டறை. நன்றாகக் காய்ந்த காய் அதில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். விதைப் பணம் ஒரு போகத்தோடு தீரும்; பட்டறை பல போகத்துக்கு நிற்கும்.

நாமே கிடங்கு கட்டி வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். 2020 அக்டோபரை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன் என்று மத்திய அரசு வெங்காய இருப்புக்கு அவ்வருட இறுதிவரை வரம்பு விதித்தது. விவசாயி தன் காட்டில் வைத்திருந்த சொந்த விளைச்சலுக்கு அந்த வரம்பு இல்லை. அதே 2020-இல் வந்த வேளாண் உட்கட்டமைப்பு நிதியில், 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை அறிவித்தார்கள். காட்டுப் பட்டறைக்கு அவ்வளவு பெரிய கடன் தேவையே இல்லை.

மண்டி உரிமையாளர்கள் முன்பணத்தில் ஒரு பங்கைப் பட்டறைக்கென ஒதுக்கி, மூன்று நான்கு போகங்களில் கழித்துக்கொள்ளலாம். காயை எப்போது எடுப்பது என்பதை விவசாயி முடிவு செய்யட்டும். எடுக்கும் நாளின் சந்தை விலையைப் போடுங்கள். எடைக் குறைவும் அழுகலும் யார் கணக்கில் என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சச்சரவு அங்கேதான் கிளம்பும்.