மிட்டாயில் ஊசி தேடுறீங்களே... ரோட்டைப் பார்த்தீங்களா?

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும், அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வலம் வர ஆரம்பித்துவிடும். 'ஹாலோவீன் சாக்லெட்டில் விஷம்... மிட்டாய்க்குள் பிளேடு... ஜாக்கிரதை!' உடனே மயிலாப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் போன் பறக்கும். "ஏம்மா, குழந்தையை அந்தக் கண்றாவிக்கெல்லாம் அனுப்பாதே. முன்னே பின்னே தெரியாதவங்க வீட்டு மிட்டாய். எவன் என்ன கலந்து வெச்சிருக்கானோ!"

உங்கள் வீட்டிலிருந்தும் அப்படி ஒரு போன் போயிருக்கலாம். பெத்த மனசு, பயப்படாமல் இருக்குமா? பயப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கட்சி. அது வெறும் வீண் பயமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமான ஆபத்து வாசலில் வந்து நிற்கும்போது கண்ணை மறைக்கிறதே, அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், இது என்ன கூத்து என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. செப்டம்பர் கடைசியில் அங்கே இலையெல்லாம் நிறம் மாற ஆரம்பிக்கும். மேப்பிள் மரம் குங்குமக் கலரில் நிற்கும். குளிர் முழுசாக இறங்குவதற்கு முன்னால் கிடைக்கிற அந்த ஆறேழு வாரத்தை ஜனங்கள் வீணாக்குவதே இல்லை. சனிக்கிழமையானால் நாலு குடும்பம் சேர்ந்துகொண்டு ஆப்பிள் தோட்டத்துக்குக் கிளம்பிவிடும். நாமே பறித்துக் கூடையில் போட்டுக்கொள்ளலாம். நம்மவர்கள் காரில் புளியோதரையும் ஃப்ளாஸ்க்கில் காபியும் தவறாமல் இருக்கும்! பிறகு பூசணித் தோட்டம். ஆளுக்கொரு ஆரஞ்சுப் பூசணி வாங்கி வந்து, குடைந்து, கண்ணும் மூக்கும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். திருஷ்டிப் பூசணி பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிசில்லை.

அக்டோபர் 31 சாயங்காலம் குழந்தைகள் பேய், சூனியக்காரி, ஸ்பைடர்மேன் என்று வேஷம் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வாளியோடு வீடு வீடாகப் போய் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று கத்துவார்கள். கதவு திறக்கும், மிட்டாய் விழும். வருஷம் பூரா பக்கத்து வீட்டுக்காரர் முகம் தெரியாத ஊரில், எல்லாரும் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிற நாள் இது ஒன்றுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்தப் பண்டிகையைப் பிடிக்கும்.

சரி, விஷத்துக்கு வருவோம்.

1974-ல் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் பக்கத்தில், எட்டு வயதுப் பையன் ஒருவன் ஹாலோவீன் ராத்திரி மிட்டாய்ப் பொடி சாப்பிட்டுச் செத்துப்போனான். அதில் சயனைடு இருந்தது. நாடே நடுங்கியது. விசாரித்துப் பார்த்தால், விஷம் வைத்தது யாரோ முகம் தெரியாத கிராதகன் இல்லை... பெற்ற அப்பன்! கழுத்து வரை கடன். பிள்ளையின் பேரில் எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் செய்த பாவம். ரொனால்ட் கிளார்க் ஓ'ப்ரையன் என்ற அந்த ஆளுக்கு 1984-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஊர் நினைவில் தங்கியது அப்பன் இல்லை, மிட்டாய்தான்.

அடுத்து 1982. சிகாகோ பகுதியில் 'டைலனால்' மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து, ஏழு பேர் இறந்தார்கள். கலந்தவன் யார் என்று நிரூபணம் ஆகவே இல்லை. இது நடந்தது செப்டம்பர் கடைசியில். ஒரே மாதத்தில் ஹாலோவீன் வந்துவிட்டது. பயம் கேட்க வேண்டுமா? குழந்தைகளின் மிட்டாய்ப் பையை எக்ஸ்ரே எடுத்துத் தருகிறோம் என்று ஆஸ்பத்திரிகளே முன்வந்தன. எக்ஸ்ரேயில் ஊசி தெரியலாம், பிளேடு தெரியலாம். விஷம் எப்படிங்க தெரியும்?

ஜோயல் பெஸ்ட் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர், 1958-லிருந்து வந்த செய்திகளைத் தோண்டி எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முன்பின் தெரியாதவர் ஹாலோவீன் அன்று கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெரிய காயம் பட்டதாகவோ உறுதியான ஒரு கேஸ்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. டெட்ராய்ட்டில் 1970-ல் இறந்த ஐந்து வயதுக் குழந்தை சாப்பிட்டது மாமா ஒளித்து வைத்திருந்த போதைப்பொருள். பழி மாமா மேல் விழாதிருக்க, வீட்டாரே அதை மிட்டாயில் தூவி வைத்தார்கள். 1990-ல் கலிஃபோர்னியாவில் தெருவில் சுருண்டு விழுந்து இறந்த சிறுமிக்கு இருந்தது பிறவியிலேயே இதயக் கோளாறு. அது தெரிவதற்குள் 'விஷ மிட்டாய்' என்று ஊரெல்லாம் பரவியாகிவிட்டது. ஊசி வைத்த ஆசாமியே கிடையாதா என்றால், உண்டு. 2000-ல் மினியாபொலிஸில் ஒருவர் மாட்டினார். ஒரு பையனுக்கு லேசாகக் குத்தியது, வைத்தியம்கூடத் தேவைப்படவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பிரித்த பாக்கெட்டைத் தூக்கிப் போடுவதில் தப்பே இல்லை. ஐந்து நிமிஷ வேலை. அதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் வம்பு.

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தது நினைவிருக்கும். அன்றைக்கு நான் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். வாசலில் ஒரு பக்கம் அகல் விளக்கு, இன்னொரு பக்கம் பூசணி. தமிழ், தெலுங்கு, குஜராத்தி என்று ஆறு குடும்பத்துப் பிள்ளைகள் கூட்டமாகச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து வாளியைக் கவிழ்த்தார்கள். அதில் ஒரு நாலு வயசுப் பையன், புலி வேஷம். பத்து நிமிஷத்தில் உதடு தடித்தது. கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது. இருமினான். வாந்தி எடுத்தான். குரல் கரகரத்தது.

பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பேர் கார்பெட்டில் உட்கார்ந்து, செல்போன் டார்ச் அடித்து ஒவ்வொரு சாக்லெட் காகிதத்திலும் ஓட்டை தேடினார்கள். ஒருவர், "எதையும் தூக்கிப் போடாதீங்க, போலீஸுக்குக் காட்டணும்" என்றார். இன்னொரு அம்மாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்து, நர்ஸாக இருக்கும் ஒரு சிநேகிதி உள்ளே வந்தாள். கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா என்னடா சாப்பிட்டே?"

காஜு கத்லி! தீபாவளியாச்சே என்று மூன்றாவது வீட்டு அம்மாள் அன்பாகக் கையில் கொடுத்தது. சுத்தமான நெய், வீட்டில் செய்தது. 911-க்குப் போன் போயிற்று. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் மூச்சு சீரானது. பிறகும் ஆஸ்பத்திரியில் பல மணி நேரம் வைத்துக் கவனித்துத்தான் அனுப்பினார்கள், ஒரு தடவை அடங்கிய அலர்ஜி மறுபடி தலைதூக்கலாம் என்பதால். பின்னால் டெஸ்ட் செய்ததில் முந்திரி அலர்ஜி என்று உறுதியானது.

அவன் அம்மா அப்புறம் சொன்னாள்: "பாயசத்துல முந்திரி வந்தா துப்பிடுவான் ஆன்ட்டி. வாய் அரிக்குதும்பான். சேட்டை பண்றான்னு நினைச்சோம்."

இதைக் கொஞ்சம் யோசியுங்கள். குழந்தை தன் பாஷையில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நம் வீடுகளில் சாப்பாட்டு விஷயத்தில் குழந்தை 'வேண்டாம்' என்றால் அது பிடிவாதம், அவ்வளவுதான். 'நாக்கு அரிக்குது', 'தொண்டை என்னவோ பண்ணுது' என்று ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். அமெரிக்காவில் பதிமூன்று குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் உணவு அலர்ஜி இருப்பதாகச் சொல்கிறார்கள். வகுப்புக்கு இரண்டு பேர் தேறும்! வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் வகை... 2023 முதல் எள்ளும் அந்த நாட்டு லேபிள் சட்டத்தில் சேர்ந்தாகிவிட்டது. எள்ளுருண்டை பார்சல் அனுப்புகிற பாட்டிகள் கவனிக்க!

தோலில் தடிப்போடு மூச்சுத் திணறலோ, இருமலோ, வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால் அது சாதாரண அரிப்பு இல்லை. அப்போது வேலை செய்கிற மருந்து எபிநெஃப்ரின் ஒன்றுதான். ஊசியைத் தொடையின் வெளிப்பக்கம், பேன்ட்டுக்கு மேலேயே போடலாம். அலர்ஜி சிரப் கொடுத்துவிட்டு 'பார்க்கலாம்' என்று உட்காரக் கூடாது. சிரப் அரிப்பை அடக்கும், அடைத்த மூச்சைத் திறக்காது. குழந்தையை எழுப்பி நடக்க வைக்கவும் கூடாது. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும்.

இன்னொன்று. பாக்கெட்டில் வருகிற குட்டி சாக்லெட்டில் என்ன கலந்திருக்கிறது என்பது பல சமயம் அதன் மேல் அச்சாகியிருக்காது. பெரிய சாக்லெட்டில் இல்லாத கடலை குட்டியில் இருக்கவும் கூடும். லேபிள் இல்லையா, அலர்ஜி உள்ள குழந்தைக்குத் தரவே வேண்டாம். வாசலில் நீலப் பச்சை வண்ணம் அடித்த பூசணி வைத்திருந்தால், 'இங்கே மிட்டாய்க்குப் பதில் பொம்மை, ஸ்டிக்கர் கிடைக்கும்' என்று அர்த்தம். 2014-ல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது. எவ்வளவு நாகரிகமான யோசனை!

இதைப் படித்துவிட்டு, கைக்குழந்தைக்குக் கடலையே காட்ட மாட்டேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2015-ல் லண்டனில் நடந்த பெரிய ஆய்வு நேர் எதிராகச் சொல்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே வேர்க்கடலையைக் குழைத்து ஊட்டத் தொடங்கிய குழந்தைகளுக்குக் கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்தது. கடும் கரப்பான் உள்ள குழந்தையென்றால் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள். நம்மவர் வாயில் ஹாலோவீன் அன்று வரவே வராத வார்த்தை இது. 1975 முதல் 2016 வரை 42 வருஷத்து அமெரிக்க விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முந்தின வாரம், அடுத்த வாரம் அதே நாள் சாயங்காலத்தோடு ஒப்பிட்டால், ஹாலோவீன் அன்று நடந்து போகிறவர்கள் வண்டியில் அடிபட்டு இறப்பது 43 சதவீதம் அதிகம். நாலு வயதிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகளுக்கோ பத்து மடங்கு! மோசமான நேரம் மாலை ஆறு மணியை ஒட்டி. இருட்டு இறங்குகிற வேளை, கறுப்பு அங்கி, பாதிக் கண்ணை மறைக்கிற முகமூடி, எதிர் வீட்டு மிட்டாய் மேல் கண்... குழந்தை குறுக்கே பாய்வதற்கு வேறென்ன வேண்டும்?

செய்ய வேண்டியது எல்லாம் சில்லறைக் காரியம். முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம் பூசலாம். அங்கி கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், தடுக்கி விழாமல் இருக்கும். முதுகில் ஒளியைப் பிரதிபலிக்கும் டேப் ஒட்டி, கையில் ஒரு டார்ச் கொடுங்கள். ஒரு பக்கத்துத் தெருவை முழுக்க முடித்துவிட்டு, முனைக்குப் போய்த்தான் எதிர்ப்பக்கம் கடக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து கார் ஓட்டி வருகிற அப்பாக்களும் காலை பிரேக் மேலேயே வைத்திருக்கட்டும்.

ஆப்பிள் தோட்டத்தில் விற்கிற 'சைடர்' பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஊரில் அது சாராயம் இல்லை, வடிகட்டாத ஆப்பிள் சாறு. ருசி அபாரம். ஆனால் காய்ச்சிப் பதப்படுத்தாததாக இருந்தால் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேண்டாம். 1996-ல் அப்படிப்பட்ட ஆப்பிள் சாறில் ஈகோலை கிருமி புகுந்து, பல பேர் படுத்து, ஒரு குழந்தை இறந்தே போனது. கிருமியின் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும். பாட்டில் மேல் எச்சரிக்கை அச்சடித்திருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கடினமான மிட்டாயும் முழுக் கடலையும் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

சர்க்கரை தின்றால் பிள்ளை ஆட்டம் போடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1995-லேயே சொல்லிவிட்டார்கள். பல்லுக்குத்தான் கெடுதல். நாள் பூரா நொறுக்குவதைவிட, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையில் தின்று முடிப்பது மேல்.

அந்தப் புலிப் பையன் இப்போது பையில் இரண்டு எபிபென் ஊசியோடுதான் வெளியே கிளம்புகிறான். 2025 ஹாலோவீனுக்கு அவன் அம்மா, கூட வந்த எல்லாப் பெற்றோருக்கும் அதைத் தொடையில் எப்படிக் குத்துவது என்று வரவேற்பறையிலேயே பாடம் நடத்தினாளாம். காஜு கத்லி கொடுத்த அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாக மகள் சொன்னாள்.